ஐயர் இல்லாத கல்யாணம், கருமாதி இல்லாத சாவு

தமிழ்நாட்டில் கல்யாணத்தை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். தாத்தா காலத்திலேயே ஐயரை அழைக்காமல், ஒரு தலைவர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே முறையில் மணம் முடிக்கிறார்கள். அதே குடும்பங்களில் ஒரு சாவு விழுந்தால் பெரும்பாலும் பழைய வழிதான். சங்கு ஊதுகிறார்கள், நீர்மாலை எடுக்கிறார்கள், வாய்க்கரிசி போடுகிறார்கள், மூத்த மகன் கொள்ளிக்குடம் சுமக்கிறான், பதினாறாம் நாள் காரியமும் நடந்துவிடுகிறது. இறந்துபோனவர் வாழ்நாள் முழுக்க மேடையேறிச் சடங்குகளை எதிர்த்தவராகவும் இருக்கலாம். ஒரே வீட்டில், ஒரே மனிதர்களிடம் இந்த வேறுபாடு ஏன்?

கொள்கை உறுதி போதவில்லை என்பது வழக்கமான பதில். எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்யாணத்தில் சடங்கை எடுத்தவர்கள் அந்த இடத்தில் வேறொன்றை வைத்தார்கள். சொல்வதற்கு ஓர் உறுதிமொழி, மாற்றிக்கொள்ள மாலை, நடத்திவைக்க ஓர் ஆள், சாட்சிக்கு ஊர், பின்னாளில் ஒரு சட்டம். சாவிலோ எடுத்ததோடு சரி. வைத்ததையும் பத்து நாள் தள்ளி வைத்தார்கள். உயிர் பிரிந்த நேரத்திலிருந்து எடுக்கும்வரை உள்ள மணிநேரங்களில் யார், என்ன செய்வது என்று எவரும் சொல்லி வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சங்குக்காரர் வந்து நிற்கிறார்.

முதலில் கல்யாணத்தைப் பார்ப்போம். புரோகிதரும் தீயும் இல்லாத மணம் இருபதாம் நூற்றாண்டில் புதிதாக முளைத்தது அல்ல. அகநானூற்றின் 86ஆம் பாட்டும் 136ஆம் பாட்டும் இரண்டு கல்யாணங்களைக் காட்டுகின்றன. மணல் பரப்பிய பந்தல், விளக்கு, உளுந்து சேர்த்துச் சமைத்த விருந்து, நிலவு ரோகிணியோடு சேரும் நல்ல நேரம், பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி நீரும் பூவும் நெல்லும் தூவி மணமகளை நீராட்டி வாழ்த்துவது. தீவலம் இல்லை, மந்திரம் சொல்ல ஆள் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வந்தால் கோவலனும் கண்ணகியும் முதுபார்ப்பான் வழிகாட்டத் தீயை வலம் வருகிறார்கள். ஆக, மரபு என்று நாம் கைகாட்டுவது ஒற்றை மரபு அல்ல. ஆனாலும் அந்தச் சங்கப் பாட்டுகளைப் பொற்காலச் சான்றாகத் தூக்கிப் பிடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அங்கேயும் நல்ல நேரம் பார்த்தார்கள். அங்கேயும் வாழ்த்த அழைக்கப்பட்டவர்கள் பிள்ளை பெற்ற பெண்கள் மட்டுமே. கைம்பெண்ணுக்கும் பிள்ளையில்லாதவளுக்கும் அந்தப் பந்தலில் வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வியை நேரடியாக எழுப்பியவர்களில் முன்னவர் ஜோதிராவ் புலே. 1873இல் புனேயில் சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கிய அவர், அந்த ஆண்டு முடிவதற்குள் புரோகிதர் இல்லாத மணத்தை நடத்திக் காட்டினார். வங்கத்தின் பிரம்ம சமாஜத்தாருக்கு 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி திறந்தது. ஆனால் சட்டம் பட்டியலிட்ட மதங்களில் எதையும் பின்பற்றவில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் அதன்கீழ் மணக்க முடியும். ஆரிய சமாஜத் திருமணங்களுக்கு 1937இல் தனிச்சட்டம் வந்தது. மக்கள் முதலில் செய்கிறார்கள், சட்டம் பிறகு வருகிறது, இடைப்பட்ட காலத்தில் பிறக்கும் பிள்ளைகள் வாரிசு வழக்குகளில் மாட்டுகிறார்கள். எல்லா இடத்திலும் இதுதான் நடந்தது, இங்கேயும் இதுவே.

அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் 1928இல் பெரியார் தலைமையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணமாக இயக்க வரலாறு குறிக்கிறது. மறு ஆண்டு ஈரோட்டில் இயக்கத்தைச் சேர்ந்த குத்தூசி குருசாமியும் குஞ்சிதமும் சாதி கடந்து மணந்தார்கள். கைம்பெண் மறுமணங்கள் மாநாட்டுப் பந்தல்களிலேயே நடந்தன. ராகு காலத்தில் வைத்தார்கள், மாலையில் வைத்தார்கள், ஒரே நாளில் முடித்தார்கள். பெரியாரின் குடி அரசு ஏடு அந்தச் செய்திகளை விடாமல் வெளியிட்டது. அடுத்த ஊரில் ஒரு குடும்பம் துணிவதற்கு அந்த அச்சடித்த செய்தி போதுமானதாக இருந்தது. கடல் கடந்தும் போயிற்று. பெரியார் 1929 இறுதியில் மலாயாவுக்குப் போனபின், அங்கிருந்த கோ. சாரங்கபாணி போன்றோர் முயற்சியில் மலாயா, சிங்கப்பூர்த் தமிழரிடையே சீர்திருத்தத் திருமணங்கள் பரவின.

இந்த மணங்களில் என்னை மிகவும் தொடுவது தாலி கட்டினார்களா இல்லையா என்பதல்ல. மேடையில் யார் நின்றார்கள் என்பதுதான். கணவனை இழந்த தாய் தன் பிள்ளையின் கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும் என்பது ஊர் வழக்கு. சுயமரியாதைத் திருமணத்தில் அவளை முன்னால் அழைத்து, அவள் கையால் மாலையை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். நானே பார்த்திருக்கிறேன். ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லி அழைத்ததும், வெளிர் நிறச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, படியேறத் தயங்கி, “நானா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார் ஓர் அம்மா. மகன் இறங்கி வந்து கைபிடித்துக் கூட்டிப்போனான். எந்த உறுதிமொழி வாசகத்தைக் காட்டிலும் அந்த அழைப்பு பெரியது என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.

சட்டம் இதை எளிதில் ஏற்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், சுயமரியாதைத் திருமணம் இந்து முறைப்படியான சடங்குகள் நடக்காததால் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக மணந்து வாழ்ந்த குடும்பங்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் குடும்பம் அல்லாதவை ஆயின. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் ஏதாவது ஒரு தரப்பின் வழக்கமான சடங்கைக் கேட்டது. அண்ணா முதலமைச்சரானபின் 1967இல் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம்தான் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அந்தத் திருத்தம் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில் இருவரும் தங்களுக்குத் தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று நடந்தாலே மணம் நிறைவேறியது. முன்பே நடந்த மணங்களுக்கும் இது பொருந்தும் என்று எழுதியதுதான் அந்தச் சட்டத்தின் கருணை. புதுச்சேரியிலும் இந்தப் பிரிவு உண்டு.

இது வெறும் காகிதச் சலுகை அல்ல என்பதற்கு 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒரு சான்று. முதல் மனைவி இருக்க, கணவர் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டினார். மனைவி வழக்குப் போட்டார். இரண்டாவது மணத்தில் ஏழடி எடுத்து வைக்கும் சப்தபதி நடக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே அல்ல, இருதார மணக் குற்றமும் இல்லை என்பது கணவர் தரப்பு வாதம். தமிழ்நாட்டில் 7ஏ பிரிவு இருப்பதால் தாலி கட்டியதே போதும் என்று நீதிமன்றம் அதை நிராகரித்தது. சடங்கைக் குறைத்த சட்டம் ஒரு பெண்ணுக்குக் காவலாக நின்றது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் அலுவலகங்களில் மறைவாக நடக்கும் மணங்கள் செல்லாது என்றது. வீட்டார் துரத்த ஓடிவரும் சாதி மறுப்பு இணையர்களுக்கு அது பெரிய இடி. பலர் கூடிய இடத்தில் அறிவித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டை மாற்றியது. உயிருக்குப் பயந்து மணப்பவர்களிடம் ஊரைக் கூட்டு என்று கேட்பது எத்தகைய கொடுமை என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள்.

எல்லைகளும் உண்டு. இரண்டு பேரும் சட்டப்படி இந்துக்களாக இருந்தால்தான் 7ஏ. இந்துவும் முஸ்லிமும், இந்துவும் கிறிஸ்தவரும் மணக்க வேண்டுமென்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம்தான். முப்பது நாள் முன்னறிவிப்பு, பெயரும் முகவரியும் அலுவலகப் பலகையில். அந்த முப்பது நாளில்தான் பல காதல்கள் உடைக்கப்படுகின்றன. மற்ற மாநிலங்களிலோ, பதிவுச் சான்றிதழ் மட்டும் இருந்து சடங்கு நடக்காத இந்துத் திருமணம் செல்லாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 7ஏ போன்ற ஒரு பிரிவை மற்ற மாநிலங்கள் இத்தனை ஆண்டுகளில் ஏன் எண்ணிப் பார்க்கவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. வெளிநாடுகளில் இந்த வேலையை அரசே எடுத்துக்கொண்ட இடங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1973இல் சட்ட அமைச்சர் லயனல் மர்ஃபி, மதகுரு அல்லாத பொதுமக்களை மணம் நடத்திவைப்போராக நியமிக்கத் தொடங்கினார். இன்று அங்கே பெரும்பாலான மணங்கள் அவர்கள் முன்னிலையில்தான் நடக்கின்றன. ஸ்காட்லாந்தில் 2005 முதல் மனிதநேய அமைப்புகள் நடத்தும் மணங்களுக்குச் சட்ட ஏற்பு உண்டு.

இங்கே சட்டம் கிடைத்தபின் முறை என்ன ஆனது? வடிவம் பரவியது, உள்ளீடு மெலிந்தது. தலைவர் நடத்திவைப்பார், குறள் சொல்வார்கள், ஆனால் பெண் பார்த்தது சொந்தச் சாதியில், ஜாதகம் பார்த்து, முகூர்த்த நேரத்தில். சாதிக்குள் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் பாதிக் கல்யாணம் என்றே சொல்வேன். புரோகிதரை நீக்கியதன் நோக்கமே அவர் காத்து நின்ற வரிசையைக் கலைப்பதுதான். இன்னொரு குறை, பேச்சு. ஒன்பதரை மணிக்கு மேடையில் அமர்ந்த மணமக்கள் பன்னிரண்டு மணிவரை அரசியல் கேட்டுக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. அவர்களைப் பற்றி ஒரு வாக்கியம்கூட வராத பேச்சுகள் அவை. ஆரம்ப காலத்தில் பேச்சுக்குத் தேவை இருந்தது, கூட்டமே கற்க வந்த கூட்டம். இப்போது மணமக்களே பேச வேண்டிய காலம்.

பேசவும் தொடங்கியிருக்கிறார்கள். தாங்களே எழுதிய உறுதிமொழி, தாலிக்குப் பதில் ஆளுக்கொரு மோதிரம், இரண்டு பேரின் நண்பர்கள் இரண்டு சாட்சிகள், பந்திக்கு முன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் நிகழ்ச்சி. சமையலையும் வேலையையும் பெற்றோர் பராமரிப்பையும் எப்படிப் பகிர்வோம் என்று ஊர் முன்னால் சொல்லும் உறுதிமொழிகளைக் கேட்டிருக்கிறேன். “உன் அம்மாவையும் என் அம்மாவையும் ஒரே மாதிரி பார்த்துக்குவேன்” என்று ஒரு பையன் சொன்னபோது பந்தலில் இருந்த அத்தனை மாமியார்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் விற்கும் மஞ்சள் பூசும் விழாவும் மெஹந்தியும் சங்கீத்தும் இதற்கு எதிர்த்திசை. அவை நம் மரபும் அல்ல, அந்த இருவரின் தேர்வும் அல்ல.

இனி சாவு. எனக்கு முக்கியமானது இதுதான்.

சட்டம் இங்கே எந்தச் சடங்கையும் கேட்பதில்லை. மருத்துவர் சான்று, 21 நாளுக்குள் இறப்புப் பதிவு, அவ்வளவே. கொள்ளி வைத்தவனுக்குத்தான் சொத்து என்பது ஊர்ப் பேச்சு. வாரிசுரிமைச் சட்டத்துக்கும் கொள்ளிக்கும் தொடர்பே இல்லை. 1989இல் தமிழ்நாடும் 2005இல் இந்தியா முழுமையும் மகளுக்கு மூதாதையர் சொத்தில் சம பங்கு கொடுத்தாயிற்று. ஆகவே சாவில் தடையாக நிற்பது சட்டம் அல்ல.

கருமாதியை மறுத்த குரலும் புதிதல்ல. கர்மச் சடங்கு வேண்டாம், திதி வேண்டாம், இறந்தவரை எரிக்காமல் அடக்கம் செய்யுங்கள் என்று வள்ளலார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். சன்மார்க்க வழியினர் இன்றும் அப்படியே செய்கிறார்கள். பெரியாரின் இயக்கம் படத்திறப்பைக் கொண்டுவந்தது. ஒரு கூடம், மாலையிட்ட படம், உறவும் தோழர்களும் பேசும் நினைவேந்தல், பிறகு சாப்பாடு. அருமையான வடிவம். பெண்கள் பேசுவார்கள், சாதி பார்க்காமல் பேசுவார்கள், இறந்தவரின் வாழ்க்கை முதல்முறையாக முழுதாகக் காதில் விழும். ஆனால் அது நடப்பது பத்தாம் நாளிலோ பதினாறாம் நாளிலோ. பழைய கருமாதியின் இடத்துக்குத்தான் அது மாற்று. சாவு நாளுக்கு மாற்று இல்லை.

சாவுச் சடங்கில் இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் பேசுவோர் குறைவு. கல்யாணத்தில் சடங்கை விலக்கும்போது சாதி ஏணியில் மேலே இருப்பவரை விலக்குகிறோம். சாவில் நடப்பது நேர்மாறு. சங்கு ஊதுபவர், சவரம் செய்பவர், துணி எடுப்பவர், பறையடிப்பவர், குழி வெட்டுபவர், சுடலையில் காவல் இருப்பவர் என்று அந்த வேலைகளைப் பிறப்பால் சுமந்தவர்கள் எல்லாரும் ஏணியின் கீழே தள்ளப்பட்டவர்கள். இழவு சொல்லப் போக மாட்டோம், பறையடிக்க மாட்டோம் என்று தலித் மக்கள் பல ஊர்களில் போராடியது இந்தக் கட்டாயத்தை எதிர்த்துத்தான். ஆகவே சடங்கில்லாச் சாவு என்பது ஒரு குடும்பத்தின் நம்பிக்கை சார்ந்த விஷயம் மட்டுமல்ல. வாசலில் இன்னொருவர் கைகட்டி நின்று கூலி கேட்கும் நிலையை ஒழிப்பதும் அதில் அடங்கும். இசை வேண்டுமா, பறைக் குழுவைக் கலைஞர்களாக அழையுங்கள், நாற்காலி போடுங்கள், பேசிய தொகையைக் கையில் கொடுங்கள்.

பெண்கள் பக்கம் இன்னும் கொடியது. கணவன் உடல் கிடக்கும்போதே மனைவிக்குப் பூச்சூட்டி, வளையல் அடுக்கி, பிறந்த வீட்டார் கோடி போட்டு, பிறகு எல்லாவற்றையும் பறித்து, தாலி அறுக்கும் அந்தச் சடங்கைப் போல ஒரு மனிதரைக் கூட்டமாக நின்று வதைப்பது வேறெதுவும் இல்லை. மற்றதையெல்லாம் செய்துகொள்ளுங்கள், இதை மட்டுமாவது விடுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. பல வீடுகளில் இது நிற்கத் தொடங்கியிருக்கிறது. மருமகள்களும் மகள்களும் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து “அம்மாவை யாரும் தொடக்கூடாது” என்று சொன்னதால்தான் நின்றது, கொள்கைத் தீர்மானத்தால் அல்ல.

தஞ்சைப் பக்கம் ஒரு சிற்றூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் சாவு. சடங்கு கூடாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தவர். காலையில் உயிர் போயிற்று. ஐஸ் பெட்டி வந்தது, பந்தல் வந்தது, நாற்காலி வந்தது. தோழர்கள் மாலையில்தான் வருவார்கள். மகன்கள் இருவரும் வாசலில் கைபிசைந்து நின்றார்கள். பத்து மணி வாக்கில் அத்தை ஒருத்தி, “இப்படிச் சும்மாவா போட்டு வைப்பீங்க? அண்ணன் என்ன அனாதையா?” என்று அழுதாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு யாரிடமும் பதில் இல்லை. பங்காளி ஒருவர் சங்குக்காரருக்குப் போன் செய்தார். பிற்பகலில் நீர்மாலை எடுத்தாயிற்று. அந்த வீட்டில் யாரும் அவருக்குத் துரோகம் செய்யவில்லை. என்ன செய்யக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தார், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

கோவைப் பக்கம் இன்னொரு சாவு. செவிலியராக இருந்த அம்மா. ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். முதல் வரி கண் வங்கியின் தொலைபேசி எண். மூச்சு நின்றதும் மின்விசிறியை நிறுத்துங்கள், இமைகளை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், தலைக்குத் தலையணை கொடுங்கள், ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று வரிசையாக. கண் எடுக்க வந்தவர்கள் சீக்கிரமே வேலையை முடித்துக் கிளம்பிவிட்டார்கள். பேத்தி வாசல்வரை போய்க் கும்பிட்டு அனுப்பிவைத்தாள். பிறகு மகளும் மருமகளும் குளிப்பாட்டி அவருக்குப் பிடித்த பருத்திச் சேலையைக் கட்டினார்கள். எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒலிபெருக்கியில் பேச்சு. கூட வேலை பார்த்தவர், பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர், கடைசியாகத் தம்பி. எரிவாயுத் தகனமேடைக்குப் பெண்களும் போனார்கள். தட்டை உள்ளே தள்ளியது மகள். அங்கே எந்த அத்தையும் “சும்மாவா” என்று கேட்கவில்லை. அத்தைக்கும் அதில் ஒரு வேலை இருந்தது, பூ தொடுத்தாள்.

உடல் தானத்திலும் இதே பாடம். உயிரோடு இருக்கும்போது மருத்துவக் கல்லூரியில் படிவம் கொடுத்திருந்தாலும், நடைமுறையில் குடும்பம் சம்மதித்து உடலைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் உண்டு. உடற்கூறாய்வு செய்த உடலையும் சில தொற்று நோய் உள்ள உடலையும் வாங்கமாட்டார்கள். அதற்கும் ஒரு மாற்று எழுதியிருக்க வேண்டும். கேரளத்தின் மூத்த மார்க்சிஸ்ட் தலைவர் எம். எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தபோது, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பது அவர் விருப்பம் என்றார் மகன். கிறிஸ்தவ முறையில் அடக்கம் வேண்டும் என்றார் மகள். வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று. உடல் தானத்துக்கே தீர்ப்பு. 2025 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அத்தனை மாதம் உடல் காத்திருந்தது. அவர் விருப்பத்தை வாயால் சொல்லியிருந்தார் என்பதுதான் சாட்சியம். ஒரு தாள் இருந்திருந்தால், அதில் அந்த மகளும் கையெழுத்திட்டிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

உறுப்பு தானம் செய்வோரின் இறுதி நிகழ்வு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்ததை ஒரு புதிய சடங்கின் பிறப்பாகவே பார்க்கிறேன். சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த கூலித் தொழிலாளியின் வீட்டு வாசலில் அதிகாரி வந்து மலர்வளையம் வைக்கிறார். சாதி கேட்காத, புரோகிதர் தேவைப்படாத, ஊரே எழுந்து நிற்கும் மரியாதை. இதைக் கண்டு இன்னும் பலர் தானத்துக்கு முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

நம்பிக்கையுள்ள மனைவி வாய்க்கரிசி போட விரும்பினால்? என் கருத்தில் போடட்டும். தன் உடல் எங்கே போக வேண்டும், தன் பெயரால் யாரும் இழிவுபடக் கூடாது என்பதுவரை இறந்தவருக்கு உரிமை. எப்படி அழுவது என்பது இருப்பவர்களின் உரிமை. இந்த இரண்டையும் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து பேசிவிட்டால் வாசலில் சண்டை வராது. எழுதும் தாளில் கொள்கை விளக்கம் வேண்டாம். யாருக்கு முதலில் போன் செய்வது, யார் குளிப்பாட்டுவது, யார் பேசுவது, மகள் கூட வருவாளா, சாம்பலை என்ன செய்வது, மனைவியின் பொட்டைத் தொடக்கூடாது என்பது, இவை போதும். சொந்தத்தில் எல்லாச் சாவுக்கும் முன்னின்று வேலை செய்யும் அந்தப் பங்காளியின் கையில் ஒரு படி. ஏனென்றால் அன்று முடிவெடுக்கப்போவது அவர்தான்.

உள்ளாட்சிகளிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் தகனமேடைகள் கட்டுகிறார்கள், நல்லது. பல இடங்களில் அடுத்த உடல் வாசலில் காத்திருக்க, பத்து நிமிடத்தில் வேலையை முடித்து அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றிலும் கூரை போட்ட ஒரு கூடமும், ஐம்பது நாற்காலியும், ஓர் ஒலிபெருக்கியும், பெண்களுக்குக் கழிப்பறையும், ஒரு குடும்பத்துக்கு முக்கால் மணி நேரமும் ஒதுக்க வேண்டும். முன்பதிவுச் சீட்டில் “நினைவேந்தல் தேவையா?” என்று ஒரு கட்டம் இருந்தால் போதும், அதுவரை யோசித்திராத குடும்பங்களும் யோசிக்கத் தொடங்கும்.